பெயரில்லாதவனுக்கு ஒரு விளக்கு

விளக்கில் எண்ணெய் குறையவே இல்லை.

செவாஸ்தி புல்வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குனிந்து பார்த்தாள். உள்ளங்கை அளவு சிவப்புக் கண்ணாடிக் குடுவை. நேற்றுச் சாயங்காலம் அதில் பாதிக்கு எண்ணெய் ஊற்றி, திரி ஏற்றி, கடல் காற்றில் அணையாதபடி கல்லின் அடியில் ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். ராத்திரி முழுக்க எரிந்த விளக்கு விடிவதற்குள் அடிமட்டத்துக்கு இறங்கி, திரி கருகி, தானாக அணைந்திருக்க வேண்டும். வழக்கமாக அப்படித்தான். இன்றைக்குச் சுடர் அசையாமல் நின்று எரிந்தது. எண்ணெய் பாதியில் இருந்தது.

யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.

அந்த நினைப்பு அதோடு நின்றுவிட்டது. நவம்பரிலிருந்தே அவளுக்கு எந்த நினைப்பும் முழுசாக வருவதில்லை. கிளம்பும், பாதி வழியில் கால் ஓய்ந்து உட்கார்ந்துவிடும்.

நவம்பரில்தான் நிகித்தாஸின் படகு போனது. தெற்குக் காற்று அடித்த ஒரு பிற்பகலில் அவள் புருஷன் வலை எடுக்கப் போனான். மறுநாள் பலகைகள் கரைக்கு வந்தன. ஒரு ரப்பர் பூட்ஸ் வந்தது. அவன் வரவில்லை. அப்போது அவள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். பாதிரியார் பிரார்த்தனை செய்தார், பெண்கள் கறுப்பு உடுத்தினார்கள், எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் லேரோஸ் தீவில் செத்தவனுக்குச் சாயங்காலம் விளக்கேற்ற வேண்டும். விளக்கேற்றக் கல்லறை வேண்டும். கல்லறைக்கு உடம்பு வேண்டும். கடல் அதைக் கொடுக்கவில்லை.

நாற்பதாம் நாள் அவள் நிறைவயிற்றோடு, படையலுக்காகச் சர்க்கரையும் மாதுளை முத்தும் கலந்த வேகவைத்த கோதுமையைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, எங்கே போவதென்று தெரியாமல், தான் வேலை பார்க்கும் இடத்துக்கே வந்தாள்.

அது போர்க் கல்லறை. பழைய பெரிய சண்டையில் இந்தத் தீவில் செத்த வெளிநாட்டுக்காரர்கள் படுத்திருக்கிற இடம். வெள்ளைக் கற்கள், ஒரே உயரம், ஒரே இடைவெளி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கடல், இந்தப் பக்கம் புல். பராமரிக்கிற அமைப்பு எங்கேயோ வடக்கே இருந்தது. இங்கே செவாஸ்தியும் பனூரிஸும்தான் புல் வெட்டினார்கள், கல்லைக் கழுவினார்கள். கடைசி வரிசையில் படுத்திருப்பவர்கள் மாலுமிகள். குடாவில் மூழ்கிய கப்பலிலிருந்து கரை ஒதுங்கியவர்கள். கப்பலின் கறுப்பு எண்ணெயைக் குடித்துச் செத்த அவர்களுக்கு முகம் இருக்கவில்லை, சட்டையில் பேர் இருக்கவில்லை. ஒவ்வொரு கல்லிலும் ஒரு நங்கூரம், அதற்குக் கீழே ‘கடவுளுக்கு மட்டும் தெரிந்தவன்’ என்ற வெளிநாட்டு வரி.

அவள் கடலுக்கு மிக அருகில் இருந்த கடைசிக் கல்லைத் தேர்ந்தெடுத்தாள். கோதுமையை வைத்தாள். விளக்கை ஏற்றினாள். உனக்குப் பேர் இல்லை, அவனுக்கு இடம் இல்லை என்று நினைத்தாள். பிறகு கல்லைப் பார்த்து மெதுவாகக் கூப்பிட்டாள்.

“நிகித்தாஸ்.”

அதுதான் அவள் செய்தது. சாயங்காலம்தோறும் அவ்வளவுதான் செய்தது.

*

அன்றைக்குப் பத்து மணி காபிக்கு உட்கார்ந்தபோது பனூரிஸிடம் கேட்டாள். பெரிய மீசையும் சின்ன வேலையும் உள்ள ஆள் அவன். கல்லறையில் எதையும் வைக்கக்கூடாது என்ற விதி தெரிந்தும் அந்த விளக்கைப் பார்க்காத மாதிரியே புல் வெட்டிக்கொண்டு போவான். தனக்கு மாலைக்கண் என்று கேலி பேசுவான்.

“எண்ணெய் நீங்க ஊத்துறீங்களாண்ணே?”

“நானா? என் பொண்டாட்டி சாலட்டுக்கே அளந்து ஊத்துறா. கல்லறைக்கு வேற குடுப்பாளா?” சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். “ஏன், நீதானே ஆள் வெச்சு ஏத்துற?”

ஆள் வைக்கவில்லை என்றாள்.

“அப்ப நீ பிள்ளை பெத்துட்டு நாப்பது நாள் வீட்டுல கெடந்தியே, தினம் எரிஞ்சுதே. உன் நாத்தனார் வந்து ஏத்துறான்னு நெனச்சேன்.”

அவன் ஏற்றுகிறான் என்று அவள் நினைத்திருந்தாள். அவள் ஆள் வைத்து ஏற்றுகிறாள் என்று அவன் நினைத்திருந்தான். பனூரிஸ் முதலில் எழுந்து, வேலி ஓரம் கிளை வெட்ட வேண்டியிருக்கிறது என்று போனான். அன்றைக்குக் கிளை வெட்டுகிற முறை அவனுடையது இல்லை.

அப்போது மேட்டில் இருந்த அவள் வீட்டிலிருந்து பிள்ளையின் அழுகை கேட்டது. ஒரு இழுப்பு, இன்னொரு இழுப்பு, நீளமாக மூன்றாவது, கடைசியில் ஒரு விக்கல். எத்தனை பிள்ளைகள் அழுதாலும் அந்த விக்கலை வைத்து அவள் கண்டுபிடித்துவிடுவாள். காதுக்கு முன்னால் மார்பு கேட்டது. சட்டை நனைந்தது. நவம்பருக்குப் பிறகு அவள் அழவில்லை. பசி தெரியவில்லை, குளிர் தெரியவில்லை. அந்தப் பால் ஒன்றுதான் அவள் உடம்பில் சொன்னபடி நடந்துகொண்டிருந்தது. அவளிடம் மிச்சம் இருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

அவனுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. ஞானஸ்நானம் ஆகும்வரை ஆண்பிள்ளையைத் தீவில் டிராக்கோ என்பார்கள். நெருப்புக் கக்கும் பாம்பு என்று அர்த்தம். டிராக்கோ பால் குடித்தான், டிராக்கோ தூங்கினான். ஈஸ்டர் முடிந்ததும் தொட்டியில் முக்கிப் பேர் சூட்ட வேண்டும். என்ன பேர் என்று யாரும் கேட்கவில்லை. பிறக்குமுன் அப்பன் போய்விட்டால் பிள்ளைக்கு அப்பன் பேர்தான்.

*

வீட்டில் எண்ணெய் குறைந்துகொண்டிருந்தது.

அடுப்படி மூலையில் சொந்த மரத்து ஆலிவ் எண்ணெய் டின். அவள் ஒருத்தி சமையலுக்கு அது அடுத்த அறுவடைவரை வர வேண்டும். கையால் தூக்கிப் பார்த்தாள், லேசாக வந்தது. நாத்தனார் மரிகோ எடுத்திருப்பாள் என்று நினைத்தாள். மரிகோ பக்கத்து வீடு, நிகித்தாஸின் அக்கா, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவள். கேட்டால் சண்டைக்கு வருவாள். கேட்கவில்லை.

அடுத்த நாள் தரையைத் துடைத்தபோது பார்த்தாள். டின்னிலிருந்து வாசல்வரை சொட்டுச் சொட்டாக எண்ணெய். வாசல் படியில் ஒரு சொட்டு. அதற்கு அப்பால் மேட்டுப் பாதையில், காய்ந்த மண்ணில், கறுத்துப்போன சின்னச் சின்னப் புள்ளிகள். கீழே. ரோட்டைப் பார்த்து.

துடைத்தாள். வாளியைக் கவிழ்த்தாள். வேலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு பிள்ளை ராத்திரிகளில் அழுவதை விட்டுவிட்டான். ஊரே சொல்லும், அவன் பிறந்த நாளிலிருந்து ஒரு ராத்திரிகூட அவளைத் தூங்கவிட்டதில்லை. இப்போது முதல் இழுப்பு வரும். இரண்டாவது வருவதற்குள் நின்றுவிடும். யாரோ தூக்கி வைத்துக்கொண்ட மாதிரி. அவள் பாதித் தூக்கத்தில் அதைக் கேட்டுக்கொண்டே மறுபடி தூங்கிப்போவாள். நன்றியாக இருந்தது. யாருக்கு நன்றி என்று அவள் யோசிக்கவில்லை.

தெற்குக் காற்று மறுபடி வந்தது ஒரு சாயங்காலம். ஆப்பிரிக்காவிலிருந்து சிவப்புத் தூசியை வாரிக்கொண்டு வருகிற காற்று அது. வானம் துருப்பிடித்த தகடு மாதிரி தாழ்ந்து இறங்கும், ஜன்னல் கதவுகள் கொக்கியில் கிடந்து முனகும், நாக்கில் மண் ருசி ஒட்டிக்கொள்ளும், காயப்போட்ட பிள்ளைத் துணியெல்லாம் செம்மண்ணாகும். மின்சாரம் போய்விட்டது. செவாஸ்தி கொல்லையில் துணியை அள்ளிக்கொண்டிருந்தாள். உள்ளே பிள்ளை ஒரு இழுப்பு அழுதான். நின்றது. காற்று கொஞ்சம் ஓய்ந்த இடைவெளியில் தொட்டில் ஆடுகிற சத்தம் கேட்டது, மரம் மரத்தில் உரசும் நிதானமான சத்தம். அதற்கு மேலே, மூடிய வாய்க்குள்ளிருந்து ஒரு ராகம். ஆண் குரல்.

துணிகள் கையிலிருந்து நழுவின. அவள் எடுக்கவில்லை.

வந்துவிட்டான் என்று நினைத்தாள். பயம் இல்லை, சந்தோஷமும் இல்லை. கடைக்குப் போனவன் திரும்பிய மாதிரி இருந்தது. கொல்லைக் கதவில் நின்று, இருட்டான அறையைப் பார்த்து, “வந்துட்டியா?” என்றாள்.

ராகம் நின்றது.

வாடை வந்தது. நிகித்தாஸ் வந்தால் மீன் வாடை வரும், டீசல் வரும், சிகரெட் வரும். இது வேறு. நனைந்த கம்பளி. அதற்கு அடியில் தார் மாதிரி கனமான, பழைய, கறுப்பான ஒரு வாடை, தொண்டையில் பூசிக்கொள்கிற வாடை.

தொட்டில் அருகே இருந்தது நகர்ந்தது. வாசலை நோக்கி நடந்தது.

டக். டக். டக். டக்.

நிகித்தாஸ் வீட்டுக்குள் பூட்ஸ் போட மாட்டான். வாலிபத்தில் கடலடியில் வளரும் ஸ்பாஞ்ச் எடுக்க ஆழத்தில் இறங்கி இடது கால் விழுந்துபோனவன். ஒரு அடி வைப்பான், ஒரு அடி இழுப்பான். கல்யாணமான நாளிலிருந்து அந்த இழுப்பைக் கேட்டுத்தான் அவள் அடுப்பைப் பற்ற வைப்பாள்.

இது இழுக்கவில்லை. இரண்டு கால். சமமான கால்கள். குதிகாலில் இரும்பு அடித்த பூட்ஸ்.

வாசலின் சிவப்பு வெளிச்சத்தில் ஒரு கணம் தெரிந்தது. நிகித்தாஸைவிடக் குட்டை. தோள்கள் குறுகியவை. முகம் இருக்கவேண்டிய இடம் மினுமினுத்தது.

கத்த வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

விளக்கேற்றிப் பார்த்தபோது பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். அவன் நெற்றியில் ஒரு கறுப்புக் கட்டைவிரல் ரேகை. சோப்புக்குப் போகவில்லை. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தபோது போனது.

*

மறுநாள் மரிகோவிடம் சொன்னாள். எல்லாவற்றையும் இல்லை. பிள்ளைக்கு வேறு பேர் வைக்கலாமா என்று மட்டும்தான் கேட்டாள். மரிகோ கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு ஆர்ட்டிச்சோக் காயின் முள்ளைச் சீவிக்கொண்டிருந்தாள். சீவுவது நின்றது.

“என் தம்பிக்குக் கல்லறைதான் இல்ல. பேரும் இருக்கக்கூடாதா உனக்கு?”

“அதில்ல அண்ணி. பேரை… நான் குடுத்துட்டேன்.”

விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதாயிற்று. கோதுமையைப் பற்றி. கூப்பிட்டதைப் பற்றி. சாயங்காலம் சாயங்காலம் கூப்பிட்டதைப் பற்றி. தொட்டில் அருகே நின்றதைச் சொல்லும்போது அவள் குரல் சந்தைக்குப் போய்வந்த கதை மாதிரி தட்டையாக இருந்தது. அந்தத் தட்டையான குரல்தான் மரிகோவை நம்ப வைத்தது. அவள் தன் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள். கெட்டது அண்டாமலிருக்க மூன்று முறை துப்பினாள், த்தூ, த்தூ, த்தூ.

“அடிப்பாவி. யாரோ பெத்த அனாதப் பொணத்துக்கு எங்க வீட்டுப் பேரா? செத்தவனுக்குப் பேர் வைக்கிறதும் ஒண்ணு, வீட்டுச் சாவியத் தெருவுல போடுறதும் ஒண்ணு. உனக்கு யாரும் சொல்லலையா?”

யாரும் சொல்லவில்லை. யாரும் இப்படிச் செய்ததில்லை, அதனால் சொல்லவும் இல்லை.

“பாதிரியாருக்குத் தெரிஞ்சா ஞானஸ்நானத்த நிறுத்திடுவாரா?” என்று செவாஸ்தி கேட்டாள்.

“எதுக்குத் தெரியணும்? வாய மூடு.” மரிகோ மறுபடி கத்தியை எடுத்தாள். குரல் உறுதியாக இருந்தது. “விளக்கத் தூக்கிக் கடல்ல போடு. இனிமே அந்தப் பக்கம் பேரச் சொல்லாத. ஈஸ்டர் முடிஞ்ச ஞாயித்துக்கெழம புள்ளையத் தண்ணில முக்கி, அந்தப் பேர அவனுக்கு வெச்சுடுவோம். ஒரு வீட்டுல ஒரு பேருக்கு ஒரு ஆளுதான். புள்ளைக்கு வெச்சதும் பேர் வீட்டுக்கு வந்துடும். அவன் பழையபடி பேரில்லாதவனாப் படுத்துக்குவான்.”

சரியாகத்தான் பட்டது. செவாஸ்தி தலையாட்டினாள். பேர் வீட்டுக்கு வந்துவிடும்.

அன்று சாயங்காலமே விளக்கை எடுத்துக்கொண்டு துறைமுகத் திண்டின் நுனிவரை போனாள். குடுவை கையில் சுட்டது. வீசினாள். சிவப்பாக ஒரு முறை மின்னிவிட்டு உள்ளே போனது. கல்லறையைத் தாண்டித் திரும்பும்போது கடைசி வரிசைப் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அந்தப் பக்கத்துக் கன்னம் மட்டும் குளிர்ந்திருந்தது.

அன்று ராத்திரி பிள்ளை அழுதான். முழுசாக, மூன்று இழுப்பு, விக்கல், மறுபடி மூன்று இழுப்பு. விடியும்வரை. செவாஸ்தி அவனைத் தோளில் போட்டு நடந்தாள். பாலில் நனைந்துகொண்டே நடந்தாள். அந்த அழுகை ஒரு வேலி மாதிரி வீட்டைச் சுற்றி நின்றது. அழு என்றாள். அழுதுகொண்டே இரு.

எண்ணெய் டின் அதற்குப் பிறகு குறையவில்லை. தொட்டில் தானாக ஆடவில்லை. தவக்காலம் போனது, ஈஸ்டர் வந்தது, வெடி வெடித்தார்கள், ஆட்டுக்குட்டி வறுத்தார்கள். பனூரிஸ் ஒரு நாள் மட்டும் வேலை முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டே வந்து சொன்னான். கடைசிக் கல்லுக்கு முன்னால் இருக்கிற புல்லைத் தினம் கூட்டிச் சரிசெய்ய வேண்டியிருக்கிறதாம். காலையில் பார்த்தால் அழுந்திக் கிடக்கிறதாம்.

“நாய் எதாவது படுக்குதா?”

“நாய் நேராப் படுக்குமா செவாஸ்தி? கைய ரெண்டையும் பக்கத்துல ஒட்டிக்கிட்டு?”

சொல்லிவிட்டு அவனே சைக்கிளில் ஏறிப் போய்விட்டான்.

*

ஞானஸ்நானத்தின்போது தாய் கோயிலுக்குள் நிற்பதில்லை. அது பழைய வழக்கம். பட்டணங்களில் விட்டுவிட்டார்கள், தீவில் விடவில்லை. பிள்ளையின் பேர் உள்ளே சொல்லப்பட்டு, அந்தப் பேர் வெளியே வந்துதான் தாய் காதில் விழ வேண்டும். செவாஸ்தி கோயில் முற்றத்தில் சைப்ரஸ் மரத்தடியில் நின்றாள். காற்றே இல்லாத நண்பகல். மலைச் சரிவுக்குக் கீழே கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. ரோடு தெரிந்தது. வெள்ளைக் கற்கள் தெரிந்தன. கடைசி வரிசையில் கடைசிக் கல்லும் தெரிந்தது.

உள்ளே பாதிரியாரின் குரல் ஏறி இறங்கியது. சாம்பிராணி கதவு வழியாக வந்து வெயிலில் கரைந்தது. பிள்ளையை அம்மணமாக்கிவிட்டார்கள் போல, அழ ஆரம்பித்தான். அவன் உடம்பு முழுக்க ஆலிவ் எண்ணெய் பூசுவாள் மரிகோ, அவள்தான் ஞானத்தாய். வழுக்கிவிடப் போகிறான், கெட்டியாகப் பிடி அண்ணி என்று செவாஸ்தி நினைத்தாள். பேர் வந்துவிட்டால் முடிந்தது. இன்றைக்கு ராத்திரி அவன் அழுதால், அழுதுகொண்டே இருந்தால், முடிந்தது.

பேர் என்ன என்று பாதிரியார் கேட்டார்.

மரிகோ சொன்னாள். சத்தமாக, எல்லாருக்கும் கேட்கும்படி, கடலுக்கும் கேட்கும்படி.

“நிகித்தாஸ்.”

முதல் முறை முக்கினார்கள். தண்ணீர்ச் சத்தம். மேலே வந்தது அழுகை, மூச்சு வாங்கிக்கொண்டு, கோபமாக. ஒரு இழுப்பு.

கீழே, கல்லறையில், ஏதோ எழுந்து நின்ற மாதிரி இருந்தது. வெயிலில் கண் கூசியது. செவாஸ்தி கையைப் புருவத்தில் வைத்தாள். ஒன்றும் இல்லை. புல். கற்கள்.

இரண்டாம் முறை. தண்ணீர். அழுகை. இன்னொரு இழுப்பு. கொஞ்சம் தூரத்திலிருந்து வருகிற மாதிரி.

மூன்றாம் முறை.

தண்ணீர்.

அவள் காத்திருந்தாள். நீளமான மூன்றாவது இழுப்புக்கும் விக்கலுக்கும்.

வரவில்லை.

ஒரு இருமல் வந்தது. நிறையத் தண்ணீர் குடித்தவன் கரையில் குப்புறக் கிடந்து இருமுகிற இருமல். கனமான, முதிர்ந்த இருமல். பிறகு ஒரே ஒரு சொல், வேற்று மொழியில். வரிசையில் நிற்பவன் தன் பேர் படிக்கப்பட்டதும் சொல்கிற மாதிரி. சுருக்கமாக.

கதவு திறந்தது. மரிகோ சிரித்துக்கொண்டு வந்தாள். வெள்ளைத் துண்டில் சுற்றிய பிள்ளையைச் செவாஸ்தியின் கையில் வைத்தாள். “இந்தா. பேர் வீட்டுக்கு வந்துடுச்சு. என்னா சமத்து, கடைசில ஒரு சத்தமில்ல.”

“யாரோ இருமினாங்களே அண்ணி.”

“பாதிரியாருக்கு வயசாகல?”

பிள்ளையின் காதுமடலுக்குப் பின்னால் கறுப்பாக ஒட்டியிருந்தது. ஞானஸ்நான எண்ணெய் என்று சொல்லிக்கொண்டாள். குனிந்து முகர்ந்தாள். ஆலிவ் வாடை இல்லை.

பிள்ளை அவளைப் பார்த்தான். அடையாளம் தெரியாத ஒரு பெண்ணை மரியாதையாகப் பார்க்கிற பார்வை.

*

விருந்து நடந்தது. சர்க்கரை பூசிய பாதாம் கொடுத்தார்கள். பிள்ளை கைக்குக் கை மாறினான், யாரிடமும் அழவில்லை. இப்படிப்பட்ட பிள்ளை எங்கேயும் இல்லை என்று பெண்கள் கண் படாமலிருக்கத் துப்பினார்கள். பனூரிஸ் மட்டும் அவனை வாங்கவில்லை. கையில் வைன் இருக்கிறது என்று சொன்னான். கையில் வைன் இல்லை.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு செவாஸ்தி அவனுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். அவன் வாயைத் திறக்கவில்லை. அழுத்தினால் முகத்தைத் திருப்பிக்கொண்டான், நாசூக்காக, கூச்சப்பட்ட மாதிரி. மார்பும் ஊறவில்லை. கோயிலிலிருந்து வந்ததிலிருந்தே ஊறவில்லை. இரண்டும் கல்லாக இருந்தன.

அந்தி இறங்கியது. கடல் சாம்பலானது. ஜன்னல் வழியே கீழே பார்த்தாள்.

கடைசி வரிசையின் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

விளக்கு.

அவனைத் துண்டோடு தூக்கிக்கொண்டு இறங்கினாள். ஏன் தூக்கிக்கொண்டாள் என்று தெரியவில்லை. தனியாக வீட்டில் விட முடியவில்லை, அவனுக்காகவா, வீட்டுக்காகவா. மேட்டுப் பாதை. ரோடு. கல்லறையின் இரும்புக் கதவு திறந்தே இருந்தது. புல் ஈரமாக இருந்தது. பனி இறங்கும் நேரம் இன்னும் ஆகவில்லை.

சிவப்புக் குடுவை அதே இடத்தில். கழுத்தில் ஒரு கடற்பாசி சுற்றியிருந்தது. எண்ணெய் விளிம்புவரை. சுடர் நேராக.

மண் புதிதாகத் தோண்டியதாக இல்லை. புல் கிழியவில்லை. அழுந்தின தடம் மட்டும். அதுவும் நீளமாக இல்லை.

சின்னது. முழங்கை நீளம்.

அவள் நின்றாள்.

கடல் ஒரு முறை வந்து போனது. அடுத்த அலைக்கு முன்னால், காலுக்குக் கீழே, எவ்வளவோ ஆழத்தில், கேட்டது.

ஒரு இழுப்பு.

இன்னொரு இழுப்பு.

நீளமாக மூன்றாவது.

விக்கல்.

காதுக்கு முன்னால் மார்பு கேட்டது. சுரீரென்று இறங்கியது. சட்டையை நனைத்தது, துண்டை நனைத்தது, விரல்களின் இடுக்கில் ஒழுகியது. கையில் இருந்தது நெளிந்தது. ஈரம் அதற்குப் பிடிக்கவில்லை. அவள் அதைக் கீழே வைத்தாள். கல்லில் சாய்த்து வைத்தாள். முழங்காலிட்டாள்.

கைகளால் புல்லைப் பிடுங்கினாள். வேர்கள் பின்னிக் கிடந்தன. அவளும் பனூரிஸும் வருஷக்கணக்காகத் தண்ணீர் விட்டு வளர்த்த புல். பிய்யவில்லை. நகம் ஒன்று போனது. வலிக்கவில்லை.

பால் ஒரு சொட்டு புல்லில் விழுந்தது. இன்னொன்று.

கீழே அழுகை நின்றது.

பிள்ளைகள் வாய் வைத்ததும் நிறுத்துவார்களே, அப்படி.

சொட்டு நின்றதும் மறுபடி தொடங்கியது. ஒரு இழுப்பு.

அவள் சட்டையின் பித்தான்களைக் கழற்றினாள். குப்புறப் படுத்தாள். குளிர்ந்த புல்லில் மார்பை அழுத்தி, இரண்டு கைகளாலும் மண்ணை அணைத்துக்கொண்டாள். புல் உறிஞ்சியது. அழுகை அடங்கியது. கன்னத்துக்குக் கீழே விக்கல் ஒன்று மட்டும், தூக்கத்தில் வருகிற மாதிரி.

எழுந்தால் அழுவான். எழுந்திருக்க முடியாது.

தலைக்கு மேலே, மூடிய வாய்க்குள்ளிருந்து அந்த ராகம் கேட்டது. அவள் கண்ணை மட்டும் உயர்த்தினாள்.

கல்லில் சாய்த்து வைத்த நான்கு மாதப் பிள்ளை சாய்ந்திருக்கவில்லை. விளக்கின் சிவப்பில், முதுகு நேராக, இரண்டு கைகளையும் முழங்கால்களில் வைத்துக்கொண்டு, தானாக உட்கார்ந்திருந்தான். ஈரத் தலைமுடி ஒரு பக்கமாக வகிடு எடுத்திருந்தது. அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால், மேட்டில், விளக்கேற்றாமல் கதவு திறந்து கிடந்த வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.